நாற்காலியை விட்டவர்கள் இன்று எந்தக் கட்சியில்?

அடுத்த மாதம் ஒரு பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏற்பாடு செய்பவர் என் பழைய மாணவர். வழக்கமாக இரண்டு அணிதான் இருக்கும். இந்த முறை நான்கு: ஆளும் மக்கள் செயல் கட்சி, எதிர்க்கட்சிகளான பாட்டாளிக் கட்சி, சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி, சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி. சிங்கப்பூரின் அன்றைய மிதவாதத் தலைவர்கள் இன்று அரசியலுக்கு வந்தால் இந்த நான்கில் எதில் சேர்வார்கள் என்று பேச வேண்டும். நான்கு பெயரையும் அவரே எடுத்து வைத்திருக்கிறார்: டேவிட் மார்ஷல், எஸ். ராஜரத்தினம், டோ சின் சை, சியாம் சீ டோங்.

"யாரை எந்த அணிக்குக் கொடுக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சின்ன வேலை என்று நினைத்தேன். இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். காரணம், எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கேற்ப ஆள் அணி மாறிக்கொண்டே இருக்கிறார்.

முதலில் கொள்கையை வைத்துப் பார்த்தேன். யார் எதைக் கேட்டார்கள், அது இன்று எந்தக் கட்சியின் அறிக்கையில் இருக்கிறது என்று தேடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் 1955ஆம் ஆண்டுத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மொத்தம் 25 தொகுதிகள். மார்ஷலின் தொழிலாளர் முன்னணி 10 இடங்களில் வென்றது. நான்கே இடத்தில் போட்டியிட்ட மக்கள் செயல் கட்சி மூன்றில் வென்றது. அன்றைக்கு நடுவில் நின்றவர் மார்ஷல். தீவிரமானவர்கள் என்று வெள்ளைக்காரர்களும் வணிகர்களும் பயந்தது மக்கள் செயல் கட்சியைப் பார்த்து. அதே கட்சி 1976இல் உலக சோஷலிசக் கட்சிகளின் கூட்டமைப்பிலிருந்தே வெளியேறியது. கோடு அதே இடத்தில் இருக்க, ஆட்கள் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனார்கள் என்றால் கணக்குப் போடுவது சுலபம். இங்கே கோடே நகர்ந்துவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அன்று புதுமையாக இருந்த பலவும் இன்று எல்லாருக்கும் பொதுவாகிவிட்டன. மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியை இங்கே தொடங்கிவைத்தவர் மார்ஷல். முதலமைச்சர் ஆனதும் அவருக்கு ஓர் அறைகூடத் தயாராக இல்லை. எம்பிரஸ் பிளேசில் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று மிரட்டிய பிறகுதான் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கிடைத்தது. அப்படிப்பட்ட மனிதர் பொதுமக்களை நேரில் வரச்சொல்லிக் குறை கேட்டார். இன்று வாரா வாரம் எல்லாக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அதைத்தான் செய்கிறார்கள். ஆக, இந்த ஒன்றை வைத்துக்கொண்டு மார்ஷலை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

சரி, கொள்கை வேண்டாம், கட்சியின் பெயரையும் பரம்பரையையும் பார்ப்போம் என்றால், அது இன்னும் மோசம். பாட்டாளிக் கட்சியை 1957இல் தொடங்கியவர் மார்ஷல். 1963இல் அதைவிட்டு விலகியவரும் அவரேதான். சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியை 1980இல் தொடங்கியவர் சியாம். அவர் அங்கிருந்து வெளியேறிய கதையை ஊரே அறியும். தொடங்கியவர் என்பதற்காகவே திருப்பிக் கொண்டுபோய் அங்கேயே உட்கார வைத்தால், அவர்கள் விலகியதற்கு நாம் மதிப்பே கொடுக்கவில்லை என்று ஆகிவிடும்.

அங்கேதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. ஒருவர் எதைப் பேசினார் என்பதைவிட, எதற்காகத் தம் நாற்காலியைப் பணயம் வைத்தார் என்று பார்க்கலாம். பேச்சு காலத்தோடு போய்விடும். கையில் இருந்த பதவியை ஒருவர் எந்த இடத்தில் விட்டார் என்பது அவர் யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேரையும் மறுபடி பார்த்தேன்.

மார்ஷலிடமிருந்தே தொடங்குகிறேன். நால்வரில் எனக்கு அதிகம் மல்லுக்கட்டு வைத்தவர் அவர்தான். 1956இல் தன்னாட்சி கேட்டு எல்லாக் கட்சியினரையும் கூட்டிக்கொண்டு லண்டன் போனார். உள்நாட்டுப் பாதுகாப்பில் கடைசி வார்த்தை யாருடையது என்பதில் பேச்சு முறிந்தது. சுதந்திரம் வாங்கி வராவிட்டால் விலகுவேன் என்று சொல்லியிருந்தார். ஜூன் மாதம் விலகினார். முதலமைச்சர் பதவியில் பதினான்கு மாதம்தான் இருந்திருப்பார். அடுத்த ஆண்டு சட்டமன்ற இடத்தையும் விட்டார். 1961இல் ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சிக்காக வென்று திரும்பினார். அப்புறம் அந்தக் கட்சியையும் விட்டு 1963இல் சுயேச்சையாக நின்று தோற்றார்.

இவரை ஜனநாயகக் கட்சி அணிக்குக் கேட்பவர்கள் மரண தண்டனையைக் காட்டுவார்கள். மார்ஷல் குற்றவியல் வழக்கறிஞர். தூக்குத் தண்டனையை எதிர்த்தார். 1969இல் ஜூரி முறையை ஒழித்தபோது எதிர்த்து வாதாடினார். இந்த வகை விஷயங்களில் இன்று அதிகம் குரல் கொடுக்கும் கட்சி அதுதான் என்பதை மறுக்க முடியாது. மக்கள் செயல் கட்சி அணியோ 1978ஐக் காட்டும். அந்த ஆண்டு பிரான்சுக்கான தூதர் பதவியை ஏற்றுக்கொண்டு 1993 வரை நாட்டுக்காக உழைத்தார். அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்தவர் ராஜரத்தினம். மேடைக்கு மேடை மோதிக்கொண்ட தரப்பிலிருந்து வந்த அழைப்பை அவர் தட்டவில்லை.

ஆனால் தூதர் பதவியை ஏற்றது நாட்டுக்காக. கட்சியில் சேர்ந்தது ஆகாது. அவர் கட்சி உறுப்பினர் அட்டை வாங்கவில்லை. கட்சியே வேண்டாம், நியமன நாடாளுமன்ற உறுப்பினராகப் போட்டுவிடலாமே என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். நன்றாகப் பொருந்துவதுபோல் இருந்தது. ஆனால் நியமன உறுப்பினருக்கு அரசமைப்புத் திருத்தத்தில் வாக்கு கிடையாது. ஓர் அரசமைப்புக்காகவே பதவியை விட்ட மனிதரை, அது வரும்போது கைகட்டி உட்காரச் சொல்வதா? முடியாது.

ஆக, மார்ஷல் பாட்டாளிக் கட்சி அணிக்கு. அவர் தொடங்கினார் என்பதற்காக இல்லை. ஆட்சியைப் பிடிக்காமலேயே நாடாளுமன்றத்துக்குள் நின்று கேள்வி கேட்க இன்று அங்கேதான் இடம் இருக்கிறது; 2025 தேர்தலில் 97 இடங்களில் அவர்களுக்கு 10, மற்ற எதிர்க்கட்சிகளுக்கு ஒன்றுகூட இல்லை. வாக்குறுதியை மேடையில் சொல்லி மக்களிடம் வாக்கு வாங்கி உள்ளே போகிற வழியை மார்ஷல் விடமாட்டார். ஆனால் அளந்து அளந்து பேசும் இன்றைய பாட்டாளிக் கட்சியில் அவர் ஒரு தவணைக்குமேல் தாங்குவாரா என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தேகம். அந்த அணியின் பேச்சாளர் இதற்குப் பதில் தயார் செய்துகொண்டு வருவது நல்லது.

சியாமைப் பற்றி எழுதும்போது நான் நடுவர் என்பதை ஒரு பத்தி மறந்துவிடுகிறேன். நாங்கள் பொத்தோங் பாசிரில் இருந்தோம். சாய்ந்த கூரை போட்ட அந்த புளோக்குகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் அப்பாவுக்கு வேலை செய்த இடத்தில் ஒரு பணப் பிரச்சினை. பத்து மாதம் அலைந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் இரவு என்னையும் இழுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனார். மடக்கு மேசை ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலிகள், குழல் விளக்கைச் சுற்றி ஈசல். எங்களுக்கு முன்னால் ஒரு சீனக் கிழவி, அவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு மலாய்ப் பெண். எதிர்க்கட்சி உறுப்பினருக்குச் சமூக மன்றத்தில் இடம் இல்லை என்பதால்தான் இப்படிக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்பா தன் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்தூக்கிவரை நடந்தார்.

"இவர் எதிர்க்கட்சிதானே அப்பா?" என்று கேட்டேன்.

"எதிர்க்கட்சி இல்லடா. எதிர் வீட்டுக்காரர்" என்றார்.

பணம் பாதிதான் வந்தது. அப்பா யாருக்கு வாக்குப் போட்டார் என்பதைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். சியாம் 1984இல் பொத்தோங் பாசிரில் ஆளுங்கட்சியின் மா பாவ் டானைத் தோற்கடித்தார். அந்தப் பிரசாரத்தில் இருவரின் சாதாரண நிலைத் தேர்வு மதிப்பெண்களை மேடையில் ஒப்பிட்டது நினைவிருக்கலாம். அதன்பிறகு 2011 வரை அந்தத் தொகுதி அவர் கையில்தான். 2006இல் தொகுதி மேம்பாட்டுக்கு 80 மில்லியன் வெள்ளி என்று ஆளுங்கட்சி வேட்பாளர் சார்பில் அறிவித்தபோதும் மக்கள் மாறவில்லை.

இப்போது நாற்காலி. 1991இல் அவருடைய கட்சி மூன்று இடங்களில் வென்றது. எதிர்க்கட்சிகளில் அதுதான் பெரியது, அவர்தான் தலைமைச் செயலாளர். 1993இல் அதே கட்சியின் சீ சூன் ஜுவான் பல்கலைக்கழக வேலையை இழந்து உண்ணாநோன்பு இருந்தபோது, சியாமுக்கு அந்த வழிமுறை ஒப்பவில்லை. கண்டிக்க வேண்டும் என்றார், கட்சியின் மத்தியக் குழு அவர் பக்கம் நிற்கவில்லை, பொறுப்பை விட்டார். வளர்ந்து வந்த சொந்தக் கட்சியை, எப்படிப் போராடுவது என்ற கேள்விக்காக விட்டுக்கொடுத்தார். அவர் செய்தது சரியா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. உண்ணாநோன்பு இருப்பது காந்தி காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான வழிதானே என்று கேட்கும் தமிழர்கள் எங்கள் புளோக்கிலேயே இருந்தார்கள். நான் சொல்ல வருவது அவருடைய எல்லைக்கோடு எது என்பதை மட்டும்.

அதனால் அவரை ஜனநாயகக் கட்சி அணிக்குக் கொடுக்க வழியே இல்லை. மீதி இருப்பது பாட்டாளிக் கட்சியும் முன்னேற்றக் கட்சியும். இங்கே ஓர் எண் எனக்கு உதவியது. 1991இல் சியாம் முன்வைத்த உத்தி இதுதான்: பாதிக்கும் குறைவான இடங்களில் மட்டும் நிற்போம், வேட்புமனுத் தாக்கல் நாளிலேயே ஆளுங்கட்சி ஆட்சி அமைப்பது உறுதியாகட்டும், பிறகு மக்கள் பயமில்லாமல் எதிர்க்குரலுக்கு வாக்களிக்கட்டும். அன்று 81 இடங்களில் 41 போட்டியின்றிப் போயின; எதிர்க்கட்சிகள் நான்கு இடங்களைப் பிடித்தன. 2025இல் பாட்டாளிக் கட்சி நிறுத்திய வேட்பாளர்கள் எத்தனை பேர்? 97 இடங்களுக்கு 26 பேர். ஆட்சியைக் கவிழ்க்க வரவில்லை, உள்ளே நின்று பார்த்துக்கொள்ள வருகிறோம் என்று எண்ணிக்கையிலேயே சொல்லிவிடுகிறார்கள். சியாமின் மனம் அப்படியே அங்கே இருக்கிறது.

ஒரு நெருடல் உண்டு. எதிர்க்கட்சிகள் கூட்டாக நிற்க வேண்டும் என்று 2001இல் கூட்டணி கட்டியவர் சியாம். பாட்டாளிக் கட்சி கூட்டணிப் பக்கம் போகாமல் தனியாகவே நிற்கிறது. இதைச் சொல்லி முன்னேற்றக் கட்சி அணி அவரை இழுக்கப் பார்க்கும். பார்க்கட்டும். கூட்டணி அவருக்கு ஒரு வழி மட்டும்தான். அந்தக் கூட்டணியைவிட்டும் அவர் 2011இல் விலகினாரே. நிதானமாகப் போராட வேண்டும் என்பதை மட்டும் அவர் எங்கேயும் விடவில்லை.

டோ சின் சை பற்றி நம்மவர்களில் பலருக்கு அதிகம் தெரியாது. நம் கொடியையும் அரசுச் சின்னத்தையும் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். மக்கள் செயல் கட்சியின் தலைவராக 1954 முதல் 1981 வரை இருந்தார். 1963இல் ரோச்சோரில் வெறும் 89 வாக்கில் தப்பித்தவர். 1975 முதல் 1981 வரை சுகாதார அமைச்சர். அமைச்சரவையிலிருந்து இறங்கியபின் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மருத்துவச் செலவுக்கு அவரவர் சம்பளத்திலிருந்தே சேமிக்க வைக்கும் மெடிசேவ் திட்டம் வந்தபோது சொந்தக் கட்சியையே எதிர்த்துப் பேசினார். மருத்துவச் செலவு அரசின் பொறுப்பு என்பது அவர் வாதம்.

கொள்கையை மட்டும் பார்த்தால் இவர் நேராக ஜனநாயகக் கட்சிக்குப் போகவேண்டியவர். மெடிசேவ் போன்ற ஏற்பாடுகளுக்குப் பதிலாகப் பொது நிதி ஒன்றை 2012இல் தேசியச் சுகாதாரத் திட்டமாக முன்வைத்தது அந்தக் கட்சிதான். நாற்காலி அளவுகோலைப் பார்த்தாலோ, அவர் 1988இல் ஓய்வு பெறும்வரை மக்கள் செயல் கட்சியிலேயே இருந்தார். திட்டினார், போகவில்லை.

இந்த இடத்தில் என் அளவுகோலையே நான் சந்தேகப்பட்டேன். போகவில்லை என்பது உண்மை. ஆனால் அன்று போக எங்கே இடம் இருந்தது? 1984 தேர்தலில் வென்ற எதிர்க்கட்சியினர் இரண்டே பேர். ஒரு கட்சியைக் கட்டி முப்பது வருடம் வளர்த்தவருக்கு வெளியே ஒரு திண்ணைகூட இல்லை. கதவு இல்லாத சுவரைக் காட்டி, அவர் வெளியே போகவில்லை பார் என்று சொல்வது நியாயமா?

இன்று கதவு இருக்கிறது. அதைத் திறந்து காட்டியவர் டாக்டர் டான் செங் போக். 1980 முதல் 2006 வரை ஆயர் ராஜாவில் ஆளுங்கட்சி உறுப்பினர். உள்ளே இருந்தபோதே நியமன உறுப்பினர் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர். எண்பதை நெருங்கிய வயதில், 2019இல் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியைத் தொடங்கினார். தாம் மாறவில்லை, கட்சிதான் தடம் மாறிவிட்டது என்பதே அவர் வாதம். டோ சின் சை இன்று இருந்தால் ஏறக்குறைய இதையேதான் பேசுவார் என்று நினைக்கிறேன். அந்தக் கட்சி 2020இல், பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் 48 விழுக்காட்டைத் தாண்டியது. 2025இல், நெருங்கித் தோற்ற எதிர்க்கட்சியினருக்குக் கொடுக்கும் தொகுதியில்லா உறுப்பினர் இடங்கள்கூட இல்லாமல் போயின. 89 வாக்கில் வென்றவர் அதற்கெல்லாம் பயப்பட மாட்டார். அவர் முன்னேற்றக் கட்சி அணிக்கு.

ராஜரத்தினத்துக்கு அதிக நேரம் ஆகாது என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, இங்கே பத்திரிகையாளராக இருந்து, 1966இல் நம் தேசிய உறுதிமொழியின் வாசகத்தை எழுதியவர். பள்ளியில் முப்பது வருடம் காலைதோறும் பிள்ளைகளோடு நின்று அதைச் சொல்லியிருக்கிறேன். அவர் எதற்காகவும் நாற்காலியை உதறவில்லை. 1959 முதல் 1988 வரை கம்போங் கிளாம் தொகுதியின் உறுப்பினராக இருந்தார், அவ்வளவுதான்.

அவரைப் பாட்டாளிக் கட்சிக்குக் கேட்பவர்களிடமும் நல்ல வாதம் இருக்கிறது. இனம், மொழி, மதம் பாராமல் என்று எழுதியவர், இனத்தை வைத்து வேட்பாளர் தேடும் குழுத்தொகுதி முறையை ஏற்பாரா என்பார்கள். அவர் ஓய்வுபெற்ற 1988இல்தான் அந்த முறை வந்தது. 2023இல் அதை ஒழிக்க முன்னேற்றக் கட்சி தீர்மானம் கொண்டுவந்தபோது பாட்டாளிக் கட்சியும் ஆதரித்தது. சிறுபான்மையினர் தனித்தொகுதியில் வெல்ல முடியாது என்ற பேச்சுக்கு, 1981இல் ஆன்சனில் பாட்டாளிக் கட்சியின் ஜெயரத்தினமும் 2016இல் புக்கிட் பாத்தோக்கில் ஆளுங்கட்சியின் முரளி பிள்ளையும் வென்று பதில் சொல்லியிருக்கிறார்கள். 2009இல் நியமன உறுப்பினர் விஸ்வா சதாசிவன் உறுதிமொழியை அடிப்படையாக வைத்துத் தீர்மானம் கொண்டுவந்தபோது, லீ குவான் யூவே எழுந்து, அது நாம் போக விரும்பும் இடம், இன்னும் வந்து சேரவில்லை என்ற பொருளில் மறுத்தார். அன்று ராஜரத்தினம் உயிரோடு இருந்து அந்த அவையில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பக்கம் தலையாட்டியிருப்பார்?

என் பதில்: சதாசிவன் பக்கம்தான். ஆனால் உட்கார்ந்திருப்பது ஆளுங்கட்சி வரிசையில். 1972இலேயே சிங்கப்பூரை உலக நகரம் என்று பேசியவர் அவர். கடல் கடந்து வந்தவர், வெளிநாட்டாரைக் கண்டு கலங்காதவர். வெளிநாட்டு ஊழியர்பற்றி முன்னேற்றக் கட்சி எழுப்பும் கவலை அவருக்கு ஒட்டாது. வெளியே நின்று தட்டிக் கேட்பதைவிட, உள்ளே இருந்து வாசகத்தை எழுதுவதில்தான் அவருக்கு நாட்டம். அவர் மக்கள் செயல் கட்சி அணியில் இருக்கட்டும். எல்லா நல்லவர்களும் எதிர் வரிசையில்தான் இருப்பார்கள் என்று நினைக்கும் இளம் பேச்சாளர்கள் அவரை ஒருமுறை படித்துவிட்டு வரவேண்டும்.

ஜெயரத்தினம் ஏன் இல்லை என்று மாணவரின் மனைவியே கேட்டாராம். தமிழர்கள் எந்த மேடையிலும் கேட்கும் கேள்வி இது, கேட்கவும் வேண்டும். அவருடைய கருத்துகள் பல மிதமானவைதான். போராடிய விதம் மிதமில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தலைப்பு மிதவாதிகளைப் பற்றியது. தவிர, எந்தக் கட்சி என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டுப் போனார்: 2008இல், உயிர் பிரிவதற்குச் சில மாதம் முன்பு, சீர்திருத்தக் கட்சி என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்.

நேற்று இரவு பட்டியலை அனுப்பினேன். மார்ஷலும் சியாமும் பாட்டாளிக் கட்சி, டோ சின் சை முன்னேற்றக் கட்சி, ராஜரத்தினம் மக்கள் செயல் கட்சி. அரை மணி நேரத்தில் மாணவர் கூப்பிட்டார்.

"சார், ஜனநாயகக் கட்சி அணிக்கு ஆளே இல்லையே. சியாம் தொடங்கின கட்சிதானே, அவரை அங்கே மாத்திடவா?"

"அவரை மட்டும் அங்கே மாத்தாதே" என்றேன். "மார்ஷலைக் கேட்டுப் பார்க்கச் சொல்லு. மரண தண்டனையை வச்சு நல்லாப் பேசினா, அன்னைக்கு மேடையில என் முடிவையே மாத்திக்கிறேன்."